தங்கம் அவங்களுக்கு, திராவகம் நமக்கா?

பொன்னுக்குத் தீட்டில்லை என்பார்கள். மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டினால் இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல என்று தெரியும். கறை ஒட்டாத பொன் பாத்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினாலே போதும், சுத்தமாகிவிடும் என்கிறது அது. அதே நூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளனுக்கு என்ன கொடுக்கிறது? ஊருக்கு வெளியே குடியிருப்பு, உடைந்த சட்டியில் சோறு, இரும்பில் நகை. மனுசனைப் பிரித்தது போதாதென்று உலோகத்துக்கும் சாதி பிரித்து வைத்திருக்கிறார்கள். 'அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், நடைமுறையில் யார் பார்த்தார்கள்?' என்று கேட்கிற படித்த நண்பர்களுக்காக ஒரு தேதி. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதி ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க நகையும் வெள்ளி நகையும் போடக்கூடாது என்பது அதில் ஒன்று. மீறியவர்களின் குடிசை எரிந்தது, தானியம் நாசமானது, ஆடு மாடு கொள்ளை போனது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அதே 1930இல் கோலார் தங்கவயலில் என்ன நடந்தது? வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போன தமிழ்த் தலித்துகள்தான் அங்கே பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பான்மை. அவர்களிடம் கட்டாயமாகக் கைரேகை வாங்கக் கம்பெனி உத்தரவு போட்டது. தொழிலாளர்கள் சுரங்கத்தை நிறுத்தினார்கள். ஒரே வருசம். ஒரு பக்கம் தங்கம் போடாதே என்று குடிசையைக் கொளுத்துகிறான். இன்னொரு பக்கம் தங்கம் வெட்டிக் கொடுக்கிறவனைத் திருடனாகப் பார்த்து ரேகை உருட்டச் சொல்கிறான். தங்கத்துக்கும் நமக்கும் இந்த நாடு வைத்திருக்கிற உறவு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

ராயப்பேட்டையில் 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', அவர் 1914இல் மறைந்த பின்னால், பிற்காலத்தில் தங்கவயலிலிருந்துதான் 'தமிழன்' என்று வெளிவந்தது. சுரங்கக் கூலிகள் தாங்கிப் பிடித்த பத்திரிகை அது. ஆக, தங்கம் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. நூற்றிருபது வருசத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போனது. சயனைடு மேடுகளும் நெஞ்சில் சிலிக்கா தூசியும் லைன் வீடுகளும் நம்மிடம் மிஞ்சின. மூடுகிற காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் ஐந்து கிராம்கூடத் தேறவில்லை, நட்டம் என்றார்கள்.

இப்போது இன்னொரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பேட்டரி நீக்கிய பழைய செல்போன் ஒரு டன் இருந்தால் அதில் சுமார் 300 கிராம் தங்கம் உண்டு. கணிப்பொறியின் மதர்போர்டு ஒரு டன்னில் 200 கிராம் அளவுக்கு உண்டு. கோலாரின் கடைசிக் காலப் பாறையைவிட ஐம்பது, அறுபது மடங்கு. அப்படியென்றால் தங்கவயல் இடம் மாறி நகரத்துக்குள் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அடையாறு காந்தி நகர் வீட்டுப் பரணிலும், மயிலாப்பூர் அலுவலகங்களின் பின்கட்டிலும், தி.நகர் கடைகளின் மாடிப்படிக்கடியிலும் அது கிடக்கிறது. அதில் இறங்கி வெட்டுகிறவன் மட்டும் மாறவில்லை.

இதில் பழசுக்குத்தான் மவுசு. காரணம் எளிமையானது. பித்தளையும் செம்பும் நாளாவட்டத்தில் களிம்பேறும், தங்கம் ஏறாது. அதனால் மின்சாரம் கைமாறுகிற இடத்திலெல்லாம், பின்னிலும் ஸ்லாட்டிலும் சொருகுகிற விளிம்பிலும், தங்க முலாம் பூசுவார்கள். 70களிலும் 80களிலும் முலாம் தாராளம். 1980இல் உலகச் சந்தையில் தங்கம் விலை எகிறியதற்குப் பிறகு அது மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. 386, 486 காலத்துப் பீங்கான் பிராசஸர்களில் மூடியும் காலும் உள்கம்பியும் தங்கம். 1995இல் வந்த பென்டியம் புரோ ஒன்றில் மட்டும் கால் கிராமுக்கு மேல் இருக்கும் என்பார்கள். பிற்பாடு சில்லுக்குள் தங்கக் கம்பி இருந்த இடத்தில் செம்புக் கம்பி வந்தது. அரிசி மணி மாதிரி இருக்கிற செராமிக் கெபாசிட்டர்களுக்குள் 90களின் நடுப்பகுதி வரை பல்லேடியம் இருந்தது, அப்புறம் அந்த இடத்தை நிக்கல் பிடித்தது. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளின் ரிலேக்களில் ஒட்டிப் பிரிகிற முனை வெள்ளி. கிண்டியில் 1960இல் வந்த ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் செய்து தள்ளிய தந்தி எந்திரங்களும், நம்ம ஊரிலேயே தயாரான டயனோரா, சாலிடேர் டி.வி.க்களும் இந்தக் கணக்கில் வந்து போனவைதான். ஆனால் டி.வி.யில் தங்கம் சொற்பம், படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் ஏராளம். 2006இலிருந்து 2011 வரை அரசு வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த கலர் டி.வி.க்களும் அப்படித்தான். தங்கம் இருக்கிற பண்டம் பணக்கார வீட்டிலிருந்து வருகிறது. ஈயம் இருக்கிற பண்டம் நம்ம வீட்டுக்கே வந்து சேர்கிறது.

நான் தி.நகரில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். பனகல் பார்க்கையும் உஸ்மான் சாலையையும் சுற்றி இருக்கிற நகைக்கடைகளில் ஒரு நாளைக்குப் புழங்குகிற தங்கத்தைப் பார்த்தால் இந்த நாட்டில் பட்டினி இருப்பதை யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் கிளையிலும் நகைக்கடன் உண்டு. நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சொட்டுத் திராவகம் விட்டு, மாற்றுச் சொல்லிவிடுவார். அவர் முன்னால் இருக்கிற தராசு மில்லிகிராம் காட்டும். மின்விசிறிக் காற்று படக்கூடாதென்று அதற்குக் கண்ணாடிப் பெட்டி. கல்லுக்கு எவ்வளவு, அழுக்குக்கு எவ்வளவு என்று கழித்து எழுதுவோம். அதே கிளையின் பின்னறையில் பழைய கணிப்பொறிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. வங்கிகளுக்குள் எந்திரம் நுழைய 1983இல் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1969 நாட்டுடைமைக்குப் பிறகு இட ஒதுக்கீட்டில் நம்ம ஆட்கள் உள்ளே வந்தது எழுத்தர் வேலைக்குத்தான். அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற பெட்டிகள் இவை. அவற்றை ஏலம் விட்டபோது 'ஒரு லாட்' என்று எழுதினார்கள். உள்ளே எவ்வளவு பொன் என்று யாரும் உரைத்துப் பார்க்கவில்லை.

அங்கிருந்து பண்டம் எப்படிப் போகிறது? ஓடுகிற பாகமெல்லாம் ரிச்சி தெருப் பக்கம் மறுவிற்பனைக்கு. ஓடாதது காயலான் கடைக்கு. அங்கே இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி, ஒயர் தனி, போர்டு தனி. போர்டிலும் பச்சை வேற, பழுப்பு வேற. தங்கவிளிம்பு இருக்கிறது ஒரு ரகம், இல்லாதது இன்னொரு ரகம். இதைப் பார்த்த மாத்திரத்தில் ரகம் பிரிக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த வருசத்துப் போர்டு, எந்தச் சில்லில் சரக்கு இருக்கு, எதில் இல்லை என்பதைக் கண்ணாலேயே சொல்லுவாங்க. என்ஜினியரிங் படித்த பையனுக்கு லேப் வேண்டும். இந்த அம்மாக்களுக்கு வெளிச்சம் போதும். இதற்குப் பெயர் அறிவு. ஆனால் இவ்வளவு பிரித்த பிறகு அந்தப் போர்டு ஏறுகிற தராசு எது? கிலோத் தராசு. உள்ளே இருக்கிற தங்கத்துக்கு விலை இல்லை, போர்டின் கனத்துக்குத்தான் விலை. வங்கியில் மில்லிகிராமுக்குக் கண்ணாடிப் பெட்டி, காயலான் கடையில் கால் கிலோவையே முழுங்குகிற முள். சாதி எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களை இந்த இரண்டு தராசுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

இந்த வேலையில் இருப்பவர்கள் தலித்துகள் மட்டும் அல்ல. ஏழை இசுலாமியர் இருக்கிறார்கள், பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். டெல்லி சீலம்பூர், மண்டோலி, உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் என்று இந்தத் தொழிலுக்குப் பேர் போன இடங்களிலெல்லாம் இதே கூட்டணிதான். மேல்சாதி ஊர் 'சீ' என்று ஒதுக்குகிற பண்டத்தைத் தொட யார் நிர்ப்பந்திக்கப்படுகிறார்களோ அவர்களெல்லாம் அங்கே இருக்கிறார்கள். நம்முடைய அரசியலுக்கு இது பலம். பலவீனம் என்று எண்ண வேண்டாம்.

அடுத்த கட்டம்தான் கொடுமையானது. போர்டை அடுப்பில் காட்டிச் சூடேற்றி, ஈயம் இளகியதும் சில்லுகளைத் தட்டி எடுப்பார்கள். மூச்சில் போவது ஈயப்புகையும், நெருப்புப் பிடிக்காமலிருக்கப் போர்டில் கலந்த புரோமின் கூட்டுப்பொருளும். ஒயரின் ரப்பரை எரித்தால் டையாக்சின். பின்களையும் சில்லுகளையும் நைட்ரிக் திராவகத்திலோ ராஜதிராவகத்திலோ போடுவார்கள். பழுப்புப் புகை எழும். அந்தப் புகையின் குணம் என்னவென்றால், அடிக்கிற நேரத்தில் லேசாக இருமல் வந்துவிட்டு அடங்கிவிடும். ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பான். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டால், போலீசுக்குப் பயந்து சொல்லமாட்டான். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தின்னும், அப்பனின் சட்டைத் தூசியிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். கூவத்தோரம் இந்த வேலை பார்த்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தங்கம் நம்ம கையில எங்க சார் நிக்குது? பழுப்பா ஒரு பொக வரும். பச்சையா ஒரு தண்ணி மிஞ்சும். அந்த ரெண்டுந்தான் நமக்கு. மஞ்சளா இருக்கறத வேற ஆளு வந்து வாங்கினு பூடுவான்." பச்சைத் தண்ணி என்று அவர் சொன்னது செம்பு கரைந்த திராவகம். அது சாக்கடைக்குப் போகிறது. அந்தச் சாக்கடை ஓரத்தில் குடியிருப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு செய்தும், வீட்டுப் பின்கட்டில் இப்படி எடுக்கிற முறையில் போர்டில் இருக்கிற தங்கத்தில் பாதிகூடக் கைக்கு வருவதில்லை. பெல்ஜியத்தில் ஹோபோக்கன் என்ற ஊரில் உமிகோர் நடத்துகிற உருக்காலை மாதிரியான இடங்களில் 95 விழுக்காடு வரை எடுத்துவிடுகிறார்கள், பல்லேடியமும் வெள்ளியும் தனி. ஆக, நம்ம ஆள் உயிரைக் கொடுத்தும் மீதித் தங்கம் சாக்கடையில்தான் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மின்னணுக் கழிவு பற்றிய முதல் தனி விதிகள் 2011இல் வந்து 2012 மே முதல் அமலாயின. 2016இல் வேறு விதிகள். 2022 நவம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடப்பில் இருப்பவை இப்போதைய விதிகள். 2016 விதிகளில் 'பிரித்தெடுப்பவர்' என்று ஒரு தனி வகை இருந்தது. ஒரு சின்னப் பட்டறை அனுமதி வாங்கி உள்ளே நுழைய அது ஒரு சந்து. 2022இல் பொருளைச் செய்கிறவர், சந்தைக்குக் கொண்டுவருகிறவர், பழுதுபார்த்துப் புதுப்பிக்கிறவர், மறுசுழற்சி செய்கிறவர் என்று நான்கே வகை. சந்தை அடைத்துவிட்டார்கள். மறுசுழற்சி செய்ததற்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள், அந்தச் சான்றிதழைக் கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற நான்கு உலோகங்களை வைத்துத்தான் அந்தக் கணக்கே. அதாவது அரசாங்கமும் இப்போது மில்லிகிராம் தராசுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தத் தராசின் முன்னால் நிற்க, பதிவு செய்த ஆலை வேண்டும். எந்திரம் வேண்டும், இடம் வேண்டும், கோடிக்கணக்கில் முதல் வேண்டும். காயலான் கடைப் பெண்ணுக்கு இதில் என்ன பெயர்? 'முறைசாராத் துறை'. தீண்டத்தகாதவர் என்ற சொல்லை அரசியல் சட்டம் 1950இல் எடுத்துவிட்டது. ஆவணங்களில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதென்று இப்படிச் சில சொற்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அதே விதிகளுக்குள் நமக்கான ஒரு ஆயுதம் துருப்பிடித்துக் கிடக்கிறது. 2016 விதிகள் மாநிலத் தொழில்துறைக்கு ஒரு பொறுப்பு தந்தன: தொழிற்பேட்டைகளில் பிரித்தெடுக்கவும் மறுசுழற்சிக்கும் இடமோ கொட்டகையோ ஒதுக்க வேண்டும். தொழிலாளர் துறைக்கு இன்னொன்று: இந்த வேலையில் இருப்பவர்களை அங்கீகரித்துப் பதிவு செய்ய வேண்டும், அவர்கள் குழுவாகச் சேர்ந்து பட்டறை அமைக்க உதவ வேண்டும், பயிற்சி தர வேண்டும், ஆண்டுதோறும் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கண்காணிக்க வேண்டும். 2022 விதிகளிலும் மாநில அரசுக்கு இந்தப் பொறுப்பு அப்படியே இருக்கிறது. இது பிச்சை இல்லை, சட்டத்தில் எழுதிய கடமை.

இந்த விசயத்தில் நமக்கு இரண்டு விதமான நண்பர்கள் வாய்த்திருக்கிறார்கள். ஒருவர் சுற்றுச்சூழல் நண்பர். பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் குப்பை பொறுக்கிப் படம் எடுப்பார். புகை வருகிற பட்டறையைக் கண்டால் மூடு என்பார். மூடினால் என்ன ஆகும்? கானாவில் அக்போக்ளோஷி என்ற பெரிய பழம்பொருள் களத்தை 2021 ஜூலையில் இடித்துத் தள்ளினார்கள். வேலை ஒழியவில்லை, சிதறியது. சென்னையிலும் நாம் பார்க்காததா? 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளைப் பிய்த்து எடுத்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதற்கும் முன்னால் கண்ணகி நகர். மந்தைவெளியிலும் சைதாப்பேட்டையிலும் பொறுக்கிப் பிரித்து விற்றுச் சாப்பிட்ட குடும்பம் இருபது கிலோமீட்டர் தள்ளி எட்டாவது மாடியில் உட்கார்ந்து எதைப் பிரிக்கும்? ஆற்றைச் சுத்தம் செய்கிறோம் என்றால் நம்மைச் சுத்தமாக அகற்றுகிறோம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள்.

இன்னொருவர் நம்ம பக்கத்து ஆள்தான். 'ஏழை வயித்துப்பாடு, விடுங்க தோழர்' என்பார். அவரோடும் எனக்குச் சண்டை உண்டு. பறையடித்ததும் பிணம் எரித்ததும் மலம் அள்ளியதும்கூட ஒரு காலத்தில் வயிற்றுப்பாடு என்ற பெயரில்தான் நம் தலையில் கட்டப்பட்டன. திராவகப் புகையை வாழ்வாதாரம் என்று போற்றிப் பாடினால் அது பழைய சாதித் தொழிலுக்குப் புதிய பெயர் வைக்கிற வேலை. நம் பிள்ளை நைட்ரிக் புகையில் நிற்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

அப்போ என்னதான் கேட்கிறோம்? திராவகத்தை விடுவோம், தங்கத்தை விடமாட்டோம். சேகரிப்பதும் பிரிப்பதும் ரகம் பார்ப்பதும் நம் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கட்டும். அங்கே அறிவும் கைத்திறனும்தான் மூலதனம். உருக்குவதும் கரைப்பதும் புகையை அடக்கத் தெரிந்த ஆலையில் நடக்கட்டும். ஆனால் ஆலைக்காரன் போர்டைக் கிலோ கணக்கில் வாங்கக் கூடாது. மாதிரி எடுத்துப் பரிசோதித்து, இவ்வளவு தங்கம், இவ்வளவு வெள்ளி, இவ்வளவு பல்லேடியம் என்று கணக்குக் காட்டி, அதில் பங்கு கொடுக்க வேண்டும். இது கனவு இல்லை. பெங்களூரில் 2000களில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் உதவியோடு நடந்த முயற்சியில், கையால் பிரிப்பதை இங்கே வைத்துக்கொண்டு போர்டுகளை ஹோபோக்கன் உருக்காலைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கூடுதலாகக் கிடைக்கிற தங்கத்தால் தொழிலாளிக்கும் கூடுதல் வருமானம் வர வழி இருப்பது தெரிந்தது. புனேவில் குப்பை பொறுக்குகிற பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், 1993இல் சங்கம் கட்டினார்கள். 2008இல் அவர்களுடைய 'ஸ்வச்' கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீட்டு வாசலில் குப்பை வாங்குகிற உரிமையைப் பெற்றது. பொறுக்குகிறவள் உறுப்பினர் ஆனாள், அடையாள அட்டை வந்தது. புனேவில் முடிந்தது சென்னையில் ஏன் முடியாது?

டோக்கியோ ஒலிம்பிக்குக்காக ஜப்பான்காரர்கள் 2017இலிருந்து 2019 வரை சுமார் 79,000 டன் பழைய மின்னணுச் சாமான்களையும் 62 லட்சம் செல்போன்களையும் சேகரித்து, 32 கிலோ தங்கம் எடுத்துப் பதக்கம் செய்தார்கள். உலகமே கை தட்டியது. அதே உலோகம், அதே போர்டு. ஜப்பானில் எடுத்தால் விஞ்ஞானம், கூவத்தோரம் எடுத்தால் குற்றம். ஒலிம்பிக் மேடையில் கழுத்தில் விழுந்தபோது அந்தத் தங்கத்தை யாரும் குப்பை என்று சொல்லவில்லை.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டி, தொழிலாளர் துறையிடம் நான்கு கேள்வி கேளுங்கள். மின்னணுக் கழிவு பிரிக்கிற தொழிலாளர்கள் சென்னை மாவட்டத்தில் எத்தனை பேரைப் பதிவு செய்தீர்கள்? எத்தனை குழுக்கள் அமைய உதவினீர்கள்? எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்? உடல்நலப் பரிசோதனை எந்தெந்தத் தேதியில் நடந்தது? தொழில்துறையிடம் ஐந்தாவது கேள்வி: எந்தத் தொழிற்பேட்டையில் எத்தனை சதுர அடி ஒதுக்கினீர்கள்? வந்த பதிலைக் காயலான் கடை வாசலில் வைத்து உரக்கப் படியுங்கள். யாரும் வராத அரங்கத்தில் படித்துப் பிரயோசனம் இல்லை.

வங்கிகளிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் தொலைபேசித் துறையிலும் இருக்கிற எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் அலுவலகத்தின் பழைய எந்திரங்கள் ஏலத்துக்குப் போகிறபோது 'ஒரு லாட்' என்று கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை போர்டு, எந்த ரகம், எங்கே போகிறது, பிரிக்கிற ஆளுக்குக் கையுறை உண்டா, கூலி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பதவி உயர்வுக்கும் ரோஸ்டருக்கும் மனு எழுதிப் பழகிய கைதானே, இதற்கும் எழுதட்டும். கிளையில் பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவி வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. இந்த நகரத்துச் சுரங்கத்துக்கும் இரண்டு சாவிதான். ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிற நம்மிடம் இருக்கிறது, இன்னொன்று வெளியே போர்டு பிரிக்கிற நம்ம ஆட்களிடம் இருக்கிறது.